பாட்டு ஓடுகிறது, நன்றி சொல்ல ஆள் நிறைய இருக்கிறது

எங்கள் ராப் பாட்டு இந்த அளவுக்குப் போகும் என்று எங்களில் ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்லை. இப்போது நீலகிரி கூடலூரில் ஆட்டோவில் ஓடுகிறது, கல்யாண வீட்டில் டிஜே போடுகிறார். ஆனால் வீடியோவில் பெயர் வருவது எங்கள் பசங்களுக்கு மட்டும்தான், அது நியாயமே இல்லை.

முதல் நன்றி சேரம்பாடிப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கும் அக்காமாருக்கு. பாட்டு முழுக்க வருகிற அந்த ‘சரக் சரக்’ காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் கிடையாது, இலை வெட்டும் கத்தரியோடு இருக்கிற பெட்டிக்குள் போனைச் செருகிப் பதிவு பண்ணியது. காதில் மாட்டிக் கேட்டால் கத்தரி மூடியதும் வெட்டுப்பட்ட இலை தகரத்தில் விழும் சின்ன ‘ஸ்ஸ்’கூடக் கேட்கும். “தம்பி, கத்தரிச் சத்தம் மட்டும் போதுமா, எங்க முதுகு வலிக்கிற சத்தம் வேண்டாமா?” என்று ஒரு அக்கா கேட்டார். அதுதான் நீங்கள் எல்லாரும் பாடுகிற ஹூக், திரும்பத் திரும்ப வருகிற அந்த வரி.

கோயம்புத்தூரில் பீட் போட்டுக் கொடுத்த அண்ணன், அக்கா வெட்டிய வேகத்தையே 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 தட்டு) என்று வைத்துக்கொண்டு பேஸை அதற்கு அடியில் போட்டார். கொஞ்சம் ஏற்றலாமே என்று நாங்கள் கெஞ்சியும் மசியவில்லை. 1973-ல் நியூயார்க்கின் பிராங்ஸில் கூல் ஹெர்க் என்ற டிஜே, பாட்டில் டிரம்ஸ் மட்டும் வரும் துண்டை இரண்டு பிளேயரில் மாற்றி மாற்றி ஓட்டித்தானே ஹிப் ஹாப் எல்லாம் கிளம்பியது, கையில் இருப்பதை வைத்துப் பண்ணுங்கடா என்பார்.

இரண்டாவது வெர்ஸ் அப்பாயி சொன்னது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில், அங்கே தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்தவர். அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு ஆரம்பித்ததுதான் டேன்டீ என்கிற அரசு தேயிலைத் தோட்டம். நாங்கள் எழுதியது எதுகை மட்டும், கோபம் அவருடையது.

முதல் வீடியோ போனிலேயே லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் எடுத்தது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாவதுதான் உயிரை எடுத்துவிட்டது! பனி இறங்கினால் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்காது, ஆடுகிற பசங்க ஷூவுக்குள் ரத்தம் குடிக்கிற அட்டை, ஒவ்வொரு டேக் முடிந்ததும் உப்புப் பொட்டலத்தோடு உட்கார வேண்டும். காடு பக்கத்தில் என்பதால் டிரோன் பேச்சே இல்லை. மேலிருந்து எடுத்த மாதிரி தெரிகிற ஷாட் எல்லாம் ஜீப் கூரைமேல் நின்று எடுத்தது. வண்டியை நூல் பிடித்த மாதிரி ஓட்டிய டிரைவர் அண்ணனுக்கு ஒரு கும்பிடு. சாயங்காலம் ஆனால் “யானை இந்தப் பக்கம் இறங்குது, கிளம்புங்க” என்று போன் போட்ட வனத்துறை வாட்சருக்கும்தான், கிளைமாக்ஸ் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. கேமரா பேட்டரிக்கு சார்ஜ் போட்டுக் கொடுத்து, கேட்காமலே கஞ்சியும் பயறும் வைத்த மலையாளி சேச்சி வீட்டையும் மறக்க முடியாது.

அப்புறம் பஜார் டீக்கடை அண்ணே, ஷூட்டிங் நாளில் குடித்த டீக்கும் வடைக்கும் கணக்கு நோட்டில் அப்படியே இருக்கிறது என்று தெரியும். யூடியூப் காசு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்.