செயலாளரின் ஆண்டறிக்கை: நஞ்சருந்தியோர் பராமரிப்புப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே,

எமது தாதியர் சங்கத்தின் இவ்வாண்டுப் பணியின் பெரும்பகுதி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறிய வைத்தியசாலைகளில் கடமையாற்றும் தாதியருக்கும் சுகாதார உதவியாளருக்கும் நஞ்சருந்தியோரைப் பராமரிக்கும் முறையைப் பயிற்றுவிப்பதில் கழிந்தது. நிர்வாகக் கூட்டங்கள் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். எனவே பயிற்சியைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறேன்.

1995இல் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் பெரிதும் குறைந்தது. கொடிய விவசாய நாசினிகளுள் அதே ஆண்டில் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியனவும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை படிப்படியாகப் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் ஆகியனவும் தடைசெய்யப்பட்டமை இதற்கு முக்கிய காரணமாகும். கொடிய நஞ்சுகள் கடைகளிலிருந்து அகன்றதால், முன்னர் எவராலும் காப்பாற்ற இயலாதிருந்த நிலை மாறி, இன்று வருவோரிற் பலர் காப்பாற்றப்படக்கூடிய நிலையில் எம்மிடம் வருகின்றனர். ஆகவே முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்வதற்கு முன்னில்லாத பெறுமதி உண்டு.

பயிற்சியில் அதிக விவாதத்துக்குள்ளானது இரைப்பைக் கழுவலாகும். நஞ்சு குடித்தவர் என்றவுடன் குழாயைத் தேடும் பழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. உறவினரும் அதையே எதிர்பார்க்கின்றனர். அரைமயக்கத்திலிருந்த ஒருவரைப் பிடித்துவைத்துக் கழுவியபோது நீர் நுரையீரலுக்குள் சென்றதைத் தன் கண்ணால் கண்ட அங்கத்தவர் ஒருவர், அதை முதன்முறையாகச் சபையில் சொன்னார். அதன் பின் எவரும் வாதிடவில்லை. சுவாசவழி பாதுகாக்கப்படாதவருக்கும், சம்மதியாதவருக்கும், மண்ணெண்ணெய் குடித்தவருக்கும் கழுவலாகாது; முதலில் சுவாசவழி, மூச்சு, இரத்தவோட்டம் ஆகியவற்றையே பார்க்கவேண்டும் என்பதை ஒவ்வோர் அமர்விலும் வலியுறுத்தினோம்.

ஒர்கனோபொஸ்பரசு வகைப் பூச்சிநாசினி அருந்தியோருக்கு அற்றோபின் என்ற நஞ்சுமுறிவு மருந்தை ஏற்றுவதில் எமது தயக்கமே பெரும் தடையாகும். 0.6 மில்லிகிராம் அம்பியூல்களில் (ஊசிமருந்துக் குப்பிகளில்) மூன்றை ஏற்றி, ஐந்து நிமிடத்தில் நெஞ்சின் இரைச்சல் குறையாவிடின் ஆறையும், மேலும் ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டையும் ஏற்றுவதாயின், பத்தாவது நிமிடத்தில் 21 அம்பியூல்கள் முடிந்திருக்கும். அவசரத் தட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே வைத்திருக்கும் நோயாளர் விடுதிக்கு இது பேரதிர்ச்சி. ஆதலால் வெற்று அம்பியூல்களில் நீர் நிரப்பி, கடிகாரத்தைப் பார்த்தவாறே, அளவை ஒவ்வொரு தடவையும் இரட்டித்து, மும்முறை ஏற்றப் பழக்கினோம். நுரையீரல் தெளிதல், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 80ஐத் தாண்டல், மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் நிற்றல், அக்குள் வறளல் ஆகியன போதுமென்பதற்கான குறிகள். பிதற்றலும் காய்ச்சலும் தோன்றிக் குடலோசை அடங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். இக்குறிகளை நேரத்துடன் எழுதும் தாள் ஒன்றையும் தயாரித்து வழங்கினோம். என் கணிப்பில், இவ்வாண்டின் மிகப் பயனுள்ள வேலை அதுவே.

இதயத்தைத் தாக்கும் நஞ்சுள்ள மஞ்சள் அலரி விதை எம் மண்ணின் துயரம். 1980களில் யாழ்ப்பாணத்திலிருந்தே அதுபற்றிய மருத்துவப் பதிவுகள் தொடங்கின. தெளிவாகப் பேசும் நோயாளியின் இதயமும் திடீரெனத் தடுமாறக்கூடும் என்பதால், இதயமின்வரைபு எடுத்து உரிய வேளையில் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். பரசிற்றமோலை மிகையாக விழுங்கியவரும் முதல் நாளில் சுகமாகவே தோன்றுவார். ஆயினும் எட்டு மணித்தியாலத்துக்குள் மாற்று மருந்து தொடங்கப்பட்டால் ஈரல் பெரும்பாலும் காக்கப்படும்.

விடுதியில் நோயாளியிடம் நாம் பேசும் விதம் குறித்தும் ஓர் அமர்வு நடைபெற்றது. “ஏன் இப்பிடிச் செய்தனி?” என்று உறவினர் முன் அதட்டும் வழக்கத்தை நிறுத்துமாறும், வீடு செல்லுமுன் ஒவ்வொருவரையும் மனநல வைத்தியரிடம் காட்டுமாறும் வேண்டிக்கொண்டோம். இது மருந்துக்கு அடுத்தபடியான வேலையன்று; மருந்தோடு சேர்ந்த வேலை.

இரவுக் கடமையிலிருப்போர் பயிற்சிக்கு வரமுடியாமற் போனது இவ்வாண்டின் பெருங்குறை. அவர்களுக்கென வரும் ஆண்டில் பிற்பகல் அமர்வுகளை விடுதிகளிலேயே நடத்தவுள்ளோம். பயிற்றுவிக்க முன்வருவோர் தம் பெயர்களை இன்று கூட்டம் முடியுமுன் என்னிடம் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்