கறுப்பு கறுப்பாகத் தெரிய

அன்புள்ள பாப்பாவுக்கு,

கம்ப்யூட்டரை டிவியில் இணைத்துப் படம் பார்க்கும்போது கறுப்பு வெளிறுகிறது என்று நீ அனுப்பிய போட்டோ வந்தது. படத்துக்கு மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை சாம்பல் பூத்துக் கிடக்கிறது. டிவி பழுதில்லை, கம்ப்யூட்டரும் பழுதில்லை. இரண்டும் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்குக் கறுப்பு என்றால் 0, வெள்ளை என்றால் 255. வீடியோவுக்குக் கறுப்பு 16, வெள்ளை 235. முன்னதை ஃபுல் என்பார்கள், பின்னதை லிமிடெட். 16 வந்து சேரும்போது டிவி 0-வைக் கறுப்பாக எடுத்துக்கொண்டால் படம் வெளிறிவிடும். உன் வீட்டில் நடப்பது இதுதான். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: கறுப்பு நன்றாக இருப்பதுபோலவே தோன்றும், ஆனால் இருட்டுக் காட்சியில் தலைமுடியும் சட்டை மடிப்பும் ஒரே மையாக அப்பிக்கொள்ளும்.

முதலில் ஒன்றைப் பார். டெஸ்க்டாப்பில் ஒரு கறுப்பு வால்பேப்பர் போடு. அதுவும் சாம்பலாக இருந்தால் கோளாறு கம்ப்யூட்டரின் அவுட்புட்டில் அல்லது டிவியில். வால்பேப்பர் சரியாக இருந்து வீடியோ மட்டும் வெளிறினால் உன் கிராஃபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸான என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘அட்ஜஸ்ட் வீடியோ கலர் செட்டிங்ஸ்’ பக்கம் போய், அட்வான்ஸ்டு டேபில் டைனமிக் ரேஞ்சை 0-255 ஆக்கு. பலரும் மறக்கும் இடம் இது.

அவுட்புட்டுக்கு, அதே பேனலில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ பக்கத்தின் அடியில் என்விடியா கலர் செட்டிங்ஸைத் தேர்ந்தெடுத்து, கலர் ஃபார்மேட் ஆர்ஜிபி, டைனமிக் ரேஞ்ச் ஃபுல் என்று வை. டிவியும் ஃபுல்லில் இருக்க வேண்டும்: எல்ஜியில் பிளாக் லெவல் ‘ஹை’, சாம்சங்கில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் ‘நார்மல்’. ‘ஆட்டோ’வை நம்பாதே. நீ படம் ஓட்டும் ‘கோடி’ (Kodi) பிளேயரில் ‘யூஸ் லிமிடெட் கலர் ரேஞ்ச்’ ஆஃபில் இருக்கட்டும். ஃபுல்லை லிமிடெட்டாக்கும் மாற்றத்தை இரண்டு இடத்தில் செய்தால் மறுபடி வெளிறும். கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அப்டேட் ஆன பிறகு ஒருமுறை இதையெல்லாம் பார்த்துக்கொள், சில சமயம் பழையபடி லிமிடெட்டுக்குப் போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிமோட்டை எடுக்க வேண்டும். பிக்சர் மோடு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’, கலர் டெம்பரேச்சர் ‘வார்ம் 2’. இரண்டு நாள் மஞ்சளடிப்பதுபோல் இருக்கும், கண் பழகிவிடும். கடையில் வைத்திருக்கும் ‘விவிட்’ மோடு கடையோடு போகட்டும். டிவியில் ‘பிரைட்னஸ்’ என்பது பெரும்பாலும் கறுப்பின் அளவை மாற்றுவது. வெளிச்சம் போதவில்லை என்றால் பேக்லைட்டைத்தான், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியைத்தான், கூட்ட வேண்டும்.

பிரைட்னஸைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதே. ‘ஏவிஎஸ் எச்டி 709’ என்ற டெஸ்ட் பேட்டர்ன் இலவசம். அதில் பிளாக் கிளிப்பிங் பேட்டர்னில் எண் போட்ட கோடுகள் மினுங்கும். ராத்திரி படம் பார்க்கும் அதே வெளிச்சத்தில் அதைக் கோடியிலேயே ஓட்டு. 16-ம் அதற்குக் கீழும் தெரியவே கூடாது. 17 தெரிந்தும் தெரியாமலும் மினுங்க வேண்டும். 20-லிருந்துதான் தெரிகிறதென்றால் பிரைட்னஸை ஒவ்வொரு புள்ளியாக ஏற்று.

கேமரா மெதுவாக நகரும் காட்சியில் படம் விட்டு விட்டு நகர்கிறது என்றாயே, அது நிறத்தோடு சேர்ந்ததில்லை. சினிமா பெரும்பாலும் நொடிக்கு 23.976 அல்லது 24 ஃபிரேம். நீ 60 ஹெர்ட்ஸில், அதாவது திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும்படி, ஓட்டுகிறாய். ஒரு ஃபிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று வருவதால் அந்த நடுக்கம். கோடியில் பிளேயர் செட்டிங்ஸில் ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்’டை ‘ஆன் ஸ்டார்ட் / ஸ்டாப்’ என்று வை. 23.976 படத்தைச் சரியாக 24 ஹெர்ட்ஸில் ஓட்டினாலும் சுமார் 42 நொடிக்கு ஒருமுறை ஒரு ஃபிரேம் திரும்ப வரும். உன் கண்ணுக்கு அது தப்பாது.

இனி போட்டோ அனுப்பாதே. போன் கேமரா தானே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எந்த எண்ணிலிருந்து கோடு மினுங்குகிறது என்று மட்டும் எழுது.

அப்பா