அட்டெண்டருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு வேண்டும்

மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் தையல்காரி. தென் மாவட்டம் ஒன்றில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை. என் தம்பி 17 வருடமாகக் குடிக்கிறவன். அம்மா இறந்த பிறகு அவனும் அவன் மனைவியும் மகளும் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள்.

இது மதுக்கடையை மூடச் சொல்லும் கடிதம் அல்ல. குடிக்கிறவனின் வீட்டாரையும் அரசு மருத்துவமனையில் கவனியுங்கள் என்று கேட்கும் கடிதம். அதற்காகப் போராடும்போதே 2015-ல் மார்த்தாண்டத்தில் உயிரைவிட்டார் சசிபெருமாள் ஐயா. 2016, 2017, 2023 என்று மூன்று தடவை ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகளை மூடினார்கள். எங்கள் தெருமுனைக் கடை மூன்று தடவையும் தப்பித்தது. சரி, அது வேறு துறை. உங்கள் துறையின் பெயரில் 'குடும்ப நலம்' என்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் குடும்ப நலம் என்றால் கருத்தடை ஆபரேஷன் என்றுதான் அர்த்தம்.

தம்பியை மருத்துவமனையில் சேர்த்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. கார்த்திகை பிறந்ததும் அவனுக்கு மாலை போட்டுவிட்டோம். மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டான், அப்படியே விட்டுவிடுவான் என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். தினமும் இரண்டு குவார்ட்டருக்குக் குறையாமல் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினான். மறுநாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தான். செத்துப்போன அப்பாவோடு பேசினான். விரதத்தில் தீட்டுப் பட்டுவிட்டது என்றார் பெரியம்மா. கோடாங்கியிடம் கூட்டிப்போனோம். அங்கே உட்கார்ந்திருக்கும்போதே வலிப்பு வந்தது.

நாள்பட்டு நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் இப்படி ஆகலாம், முதல் நாலைந்து நாள்தான் கண்டம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம், டாக்டர் பார்வையில் மாத்திரை கொடுத்து மெல்ல இறக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் டெங்குவுக்குப் படம் இருக்கிறது, காசநோய்க்கு இருக்கிறது. குடியைப் பற்றியும் ஒரு படம் உண்டு, பாட்டிலைப் பாம்பு சுற்றியிருப்பது போல. 'திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள், முதலில் இங்கே வாருங்கள்' என்று ஒரு வரி கிடையாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்த மாலையை வாங்கியிருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் அவனை நன்றாகத்தான் பார்த்தார்கள். பத்து நாள். என்ன குடிப்பான், எவ்வளவு, எப்போதிலிருந்து, இதற்கு முன் வலிப்பு வந்ததா என்று எல்லாம் கேட்டு எழுதினார்கள். அத்தனைக்கும் பதில் சொன்னது நான். அந்தப் பத்து நாளும் என் பெயர் அட்டெண்டர், நோயாளிக்குத் துணையாக இருக்கிறவளை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 'அட்டெண்டர் வெளியே நில்லுங்க.' 'அட்டெண்டர் இங்க கையெழுத்து போடுங்க.' நீ தூங்குகிறாயா, அவன் கை நீட்டுவானா, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கவுன்சிலிங் என்று ஐந்து நிமிடம் உட்காரவைத்தார்கள். 'பார்த்துக்கோங்கம்மா, கையில காசு குடுக்காதீங்க.'

பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று சொல்கிறேன். அவன் பைக்கை ஸ்டாண்டு போடும் சத்தத்திலேயே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரே மிதியில் நின்றால் கட்டிங். இரண்டு மூன்று தடவை சறுக்கினால் டி.வி.யை அணைத்து, சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட வேண்டும். எனக்கு மட்டும் தெரிந்த வித்தை இது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சத்தம் கேட்டதும் தம்பி மகள் வீட்டுப்பாட நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். "அத்தை, இன்னிக்கு ரெண்டு" என்றாள். நாலாம் வகுப்புப் படிக்கிறாள். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு ஒரு ரவிக்கையும் வெட்ட முடியவில்லை.

'அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்று விளம்பரம் வருகிற பொடியை மூன்று மாதம் குழம்பில் கலந்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையையே கணவனுக்குத் தெரியாமல் தூளாக்கிக் கலக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆளே போய்விடலாம். இதை அவர்களிடம் யார் சொல்வது? சொல்லும் இடத்துக்கு அவர்கள் தனியாக வரவே முடியாதே. தனியாகப் போனால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: 'ஆளைக் கூட்டிட்டு வாங்க.'

இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கிறது என்பதுதான் என் புகார். குடிக்கிறவன் வரமாட்டான். நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன் என்பான். ஆஸ்பத்திரி வாசலுக்கு முதலில் வருவது நாங்கள். எங்களைத் திருப்பி அனுப்பினால் அவனும் வரமாட்டான்.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு, பக்கத்து ஊரில் அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறேன். குடிப்பவர்களின் வீட்டு ஆட்களுக்காக 1951-ல் அமெரிக்காவில் தொடங்கியது. காசு கிடையாது. ஆறேழு பெண்கள், ஒரே ஒரு அப்பா. அங்கே வரும் ஒரு டீச்சர்தான் 'கிராஃப்ட்' என்ற முறையைப் பற்றிச் சொன்னார். ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் உருவாக்கியது. குடிப்பவரை விட்டுவிட்டு வீட்டு ஆளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். போதை தெளிந்த நேரம் பார்த்து எப்படிப் பேசுவது, அவன் செய்த வம்புக்கு நாம் பொய் சொல்லிக் காப்பாற்றாமல் இருப்பது எப்படி, அடி விழும் என்று தெரிந்தால் எப்போது வெளியேறுவது, நம் சாப்பாடும் தூக்கமும் கெடாமல் பார்ப்பது எப்படி. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்த குடிநோயாளிகளில் 64 சதவீதம் பேரை இப்படிப் பயிற்சி பெற்ற வீட்டார் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, குடிப்பவர்களின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லவைத்துப் பார்த்திருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் 1980-ல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அங்கே வீட்டாருக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ஒரு ராத்திரிப் பயணம் என்பதுதான் சங்கடம்.

நீங்களும் ஒன்றும் செய்யாமல் இல்லை. 2025-ல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று 25 போதை மீட்பு மையங்கள் திறந்தீர்கள். பெயர் நன்றாக இருக்கிறது. ஆனால் கலங்கரை விளக்கம் கடலில் தத்தளிக்கிறவனுக்கு. கரையில் விடிய விடிய நிற்கிறவளுக்கு அங்கே ஒரு பெஞ்சாவது போடுங்கள். நான் கேட்பது ஓர் ஓ.பி. சீட்டு. என் பெயரில், என் வயது போட்டு, தம்பி வந்தாலும் வராவிட்டாலும் செல்லுபடியாகிற சீட்டு. கவுன்சிலர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமையோ சாயங்காலமோ இருந்தால் நல்லது. கடையை அடைத்துவிட்டுப் பகலில் வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

இன்னொன்று. 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. அதில் வீடு வீடாகப் பார்க்க எங்கள் தெருவுக்கு வரும் பணியாளர் தங்கைதான் எனக்கு பி.பி. இருப்பதைக் கண்டுபிடித்தவள். மாதா மாதம் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் "உப்பைக் குறைங்கக்கா" என்கிறாள். என் குழம்பில் உப்புக் கம்மிதான். அவள் நோட்டில் இன்னும் ஒரே ஒரு கேள்வி சேருங்கள்: 'வீட்டில் யாராவது குடிப்பதால் உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறதா?' எங்கள் தெருவில் எத்தனை கதவு திறக்கும் என்று பாருங்கள்.

மாத்திரை, ஊசி, கஞ்சா என்று போகும் பிள்ளைகளின் தாய்மார் பாடு என்னுடையதைவிட மோசம். வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறான் என்று தெரிந்தும் வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் போலீஸ் வரும் என்று பயம். தானாகச் சிகிச்சைக்கு வந்து முடித்துக்கொள்பவரை, சொந்த உபயோகத்துக்காகவோ சிறிய அளவுக்காகவோ போட்ட வழக்கிலிருந்து காக்க, 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறதாம். அந்தத் தாய்க்கு அதை யார் எடுத்துச் சொன்னீர்கள்? போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416 என்று உதவி எண்கள் இருக்கின்றன. மருந்துக் கடையிலும் ரேஷன் கடையிலும் பெரிதாக எழுதிவையுங்கள். கூடவே 'வீட்டார் தனியாகவும் பேசலாம்' என்று சேர்த்து எழுதுங்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தபோது, இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று அரசு அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்தவன் செத்தால்தான் குடும்பம் கண்ணில் படுகிறது என்பதைத்தான் சொல்கிறேன். ரொம்ப நாள் மது பாட்டிலிலேயே 'நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு' என்று அச்சடித்திருந்தார்கள். உயிருக்கு வார்டு இருக்கிறது. வீட்டுக்கு எந்த வார்டு?

தம்பி இப்போது குடிக்கிறானா இல்லையா என்று கேட்பீர்கள். அது அவன் சீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓர் அட்டெண்டர்