மெயிலுக்கு என்ன செலவு?

தாண்டிக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காப்பிப் பழம் பறிக்கிற காலம். பகலில் ஆஸ்பத்திரியில் ஈ ஓட்டுகிறோம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரே கூட்டம். கூலி கிடைக்கிற நாளில் யார் சளி, காய்ச்சலைப் பார்க்கிறார்கள்? நீ சொன்ன முட்டிப் பயிற்சியை இரண்டு நாள் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். திட்டாதே.

"மெயிலில்தானே மதுரை டாக்டருக்குக் கேஸ் அனுப்புகிறீர்கள், அதற்கு என்னடி செலவு?" என்று கேட்டிருந்தாய். போன வாரம் எங்கள் கமிட்டியிலும் இதே கேள்விதான். வருஷக் கணக்கில் அதற்கு ஒரே ஒரு வரி, எதிரே இன்டர்நெட் பில். மாதம் 600 ரூபாய். மாதம் முப்பது கேஸ் போகிறது, ஆக ஒரு கேஸுக்கு 20 ரூபாய். கமிட்டிக்காரர்களுக்கு ஏக சந்தோஷம்.

நான் சும்மா இருக்காமல் ஒரு கேஸுக்குக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தோட்டத்து வேலைக்குப் போகிற ஒரு அம்மா, தோளில் வெளிறிய திட்டு. இருட்டிய பிறகு வந்தார். டியூப்லைட்டில் படம் எடுத்தால் தோல் பளபளக்கிறது, திட்டே தெரியவில்லை. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, வெளிச்சத்தைச் சாய்த்து, தூரத்தில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. படத்தில் முகம் விழக்கூடாது. பிறகு எத்தனை நாளாக, அரிப்பு உண்டா, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா என்று கேட்டு எழுதினேன். பாதியில் கரண்ட் போனது, கூடவே டவரும் போனது. எல்லாம் சேர்ந்து 50 நிமிஷம்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது, ஒரே வரி: "திட்டில் உணர்ச்சி இருக்கிறதா, பஞ்சால் தொட்டுப் பார்த்தீர்களா?" எனக்கு வெட்கமாகிவிட்டது. வெளிறிய திட்டு என்றால் முதலில் தொழுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், இதை நமக்கு முதல் வருஷமே சொல்லித் தந்தார்கள். மரத்துப்போனதைப் படம் காட்டாதே! அந்த அம்மாவை மறுபடி வரவழைத்து, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் தொட்டேன். ஒவ்வொரு தடவையும் விரல் வைத்துச் சரியாகக் காட்டினார். இன்னொரு மெயில், இன்னொரு 20 நிமிஷம். கடைசியில் தேமல்தான், ஒரு களிம்போடு முடிந்தது.

என் சம்பளத்தைப் பிரித்தால் மணிக்கு 110 ரூபாய் வருகிறது. 70 நிமிஷத்துக்கு 130 பக்கம். மெயில் 20, நான் 130! என் பங்கு எந்தக் கணக்கிலும் இல்லை.

நஷ்டம் என்று சொல்லவில்லை, ஜெயா. அந்த அம்மா மதுரைக்கு வந்திருந்தால் வீட்டுக்காரரும் கூட வருவார். இரண்டு பேர் பஸ், இரண்டு பேர் கூலி, சாப்பாடு, டாக்டர் ஃபீஸ் என்று 2,000 ரூபாய்க்குக் குறையாது. அவர் மடியில் மிஞ்சியதில் கொஞ்சம் எங்கள் தலையில் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சில கேஸுக்கு "நேரில் அனுப்புங்கள்" என்று பதில் வரும். அப்போது என் 50 நிமிஷமும் போச்சு, பஸ் செலவும் போச்சு.

வீடியோவில் பார்க்க அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி இருக்கிறது, இலவசம். ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஆள் உட்கார வேண்டும், நெட்டும் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். மெயில் காத்திருக்கும். இங்கிலாந்தின் ஸ்வின்ஃபென் அறக்கட்டளை 1999இல் வங்கதேசத்தில் டாக்கா அருகே கை கால் செயலிழந்தவர்களுக்கான மறுவாழ்வு மையத்துக்கு ஒரு டிஜிட்டல் கேமராவும் மெயிலும் வைத்தே இந்த வேலையைத் தொடங்கியது. பதில் எழுதிய நிபுணர்கள் காசு வாங்கவில்லை. செலவு குறைவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

நம் மதுரை டாக்டரும் வாங்குவதில்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலில் மெயிலுக்கும் இடமுண்டு. நேரில் பார்ப்பது போலவே டாக்டர் ஃபீஸ் வாங்கலாம், ரசீது தரவேண்டும், பதிவுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். இதைச் சொன்னால் அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார். ஆனால் அந்த ஒரு வரிப் பதில் வந்த நேரத்தைப் பார்த்தேன்: இரவு 11.40.

அவருக்கு ஒரு கேஸுக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று தெரிந்தால் அடுத்த கமிட்டியில் முழுக் கணக்கையும் வைத்துவிடுவேன். நீ அவர் ஓபியில்தானே இருக்கிறாய். நேராகக் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை சிஸ்டர்" என்பார். டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் கேட்டு எழுது.

உன்
மல்லிகா