களைக்கொல்லி: அளவு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்காச்சோளத்தில் களை கட்டுப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, களையெடுக்க ஆள் கிடைக்காமல் தவிக்கும் எங்களுக்குத் தேவையான ஒன்றே. ஆனால், விதைத்த மூன்று நாட்களுக்குள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும் என்பதையும் ஏக்கருக்கான அளவையும் சொன்னதோடு அது நின்றுவிட்டது. பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசலில் மானாவாரியாகப் பயிரிடுவோருக்கு இது போதாது.

களை முளைக்கும் முன் மண்ணில் தெளிக்கும் மருந்து, மேல்மண்ணின் ஈரத்தில் கரைந்து நின்றால்தான் முளைவிடும் களை அதை உறிஞ்சும். புழுதியாகக் கிடக்கும் நிலத்தில் தெளித்துவிட்டு மழைக்குக் காத்திருந்தால், அட்ரசின் வேலை செய்யாமல் அப்படியே கிடக்கும். இன்னொரு களைக்கொல்லியான பெண்டிமெத்தலினோ வெயிலில் ஆவியாகியும் சிதைந்தும் வீரியம் இழந்துவிடும். பிறகு களை மண்டியதும் மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். களிமண்ணும் மக்கிய பொருளும் மிகுந்த நிலம் மருந்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால், செம்மணலுக்குப் போதுமான அளவு கரிசலுக்குக் குறைவாகப்படலாம். தெளித்த பின் நிலத்தைக் கிளறக் கூடாது என்பதும், நிலத்தில் கிழங்கோடு இருக்கும் கோரை இந்த மருந்துகளுக்கு அடங்காது என்பதும் கட்டுரையில் இல்லை.

இவற்றைவிடப் பெரிய குறை, ஊடுபயிரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. மக்காச்சோளம் அட்ரசினைத் தன்னுள்ளேயே முறித்துக்கொள்ளும். உளுந்துக்கும் தட்டைப்பயறுக்கும் அந்தத் திறன் கிடையாது. பயறு ஊடுபயிராக இருக்கும் வயலில் அட்ரசினை விட்டுவிட்டுப் பெண்டிமெத்தலின் தெளிப்பதே பரிந்துரை. மக்காச்சோளத்தை அறுத்த கையோடு பயறு விதைப்பவரும், மண்ணில் அட்ரசின் எச்சம் இருக்கக்கூடும் என்பதை முன்பே கணக்கில் கொள்ள வேண்டும். கடைகளில், அடுத்து என்ன விதைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு மருந்து கொடுப்பவர் அரிது.

நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினுக்கான அனுமதியை 2004இல் விலக்கிக்கொண்டதையும், கிணற்று நீரையே குடிக்கும் ஊர்களின் பொருட்டுக் குறிப்பிட்டிருக்கலாம்.

இனி வெளியிடும் கட்டுரைகளில் ஒவ்வொரு மருந்தையும் எந்த மண்ணில், எவ்வளவு ஈரத்தில் தெளிக்கலாம், ஊடுபயிராகவும் அடுத்தும் எவற்றை விதைக்கக் கூடாது என்பவற்றை அளவோடு சேர்த்தே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
பெரம்பலூர் மாவட்டம்.