விடுதி நடத்துபவர்களே, எங்களுக்கு ஓர் அடுப்படி கொடுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பெண்கள் விடுதியும் பி.ஜி.யும் நடத்தும் அக்காமார், அண்ணன்மார் எல்லோருக்கும் வணக்கம்.

துரைப்பாக்கத்தில் மூன்று வருடம், காரப்பாக்கத்தில் இரண்டு வருடம் என்று உங்கள் விடுதிகளில் தங்கியவள் நான். போன வருடம்தான் சின்னதாக ஒரு வாடகை வீட்டுக்கு மாறினேன். முதல் நாள் பால் காய்ச்சி முடித்த கையோடு அரை டம்ளர் நொய் போட்டுக் கஞ்சி வைத்துக் குடித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பெரிதாகப் பசியும் இல்லை. கஞ்சி வைக்க நமக்கென்று ஓர் அடுப்பு இருக்கிறதே என்றுதான் வைத்தேன்.

2022-ஆம் வருடம் ஐப்பசி மழையில் எனக்கு டெங்கு வந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு அறைக்குத் திரும்பினேன். கஞ்சி, இளநீர், குழைய வடித்த ரசம் சாதம், இவ்வளவுதான் இப்போதைக்கு என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்கு மெஸ்ஸில் ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும். போனில் தேடிப் பார்த்தோம், பிரியாணி கிடைத்தது, ஃபிரைடு ரைஸ் கிடைத்தது, கஞ்சி கிடைக்கவில்லை. என் அறையில் இருந்த தர்மபுரிப் பெண் தண்ணீர் காய்ச்சும் கெட்டிலில் அரிசி நொய்யைப் போட்டு எனக்காகக் கஞ்சி வைக்கப் பார்த்தாள். கெட்டிலில் தீயைக் குறைக்க முடியாதே. பொங்கி வழிந்து அடித்தட்டில் இறங்கியது, 'டப்'பென்று எம்.சி.பி. சுவிட்ச் விழுந்து மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. வார்டன் அக்கா டார்ச் லைட்டோடு வந்தார். கெட்டிலை எடுத்துக்கொண்டு போனார், 500 ரூபாய் அபராதம் போட்டார். அந்தப் பாதி வெந்த கஞ்சியில் உப்பைப் போட்டு இருட்டிலேயே குடித்துவிட்டுப் படுத்தேன்.

வார்டன் அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. டார்ச் பிடித்திருந்த அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். நூற்றிருபது பெண்கள் தூங்கும் கட்டடத்துக்குப் பொறுப்பாக இருப்பவரின் பயம் அது. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைப்பது குற்றம் ஆகிவிடுகிற இந்த ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில் மெஸ் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேண்டுமென்றே மோசமான சாப்பாடு போடுகிறீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கட்டட லீஸ், தண்ணீர் லாரி, 19 கிலோ வணிக சிலிண்டர், திடீரென்று ஊருக்குப் போய்விடும் சமையல்காரர் என்று உங்கள் தலைவலி என்னவென்று ஐந்து வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவள்தான். எனக்குத் தெரிந்த சமையல்கார அக்கா காலை நாலு மணிக்கு எழுந்து ஒற்றை ஆளாக இட்லி ஊற்றுவார். அவரிடம் போய் முருங்கைக்கீரை செய்து போடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நாலு பேருக்குக் கீரை உருவவே அரை மணி நேரம் ஆகும். அதனால்தான் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் சுற்றிச் சுற்றி வருகின்றன. மொத்தமாகச் சமைத்தால் அப்படித்தான் ஆகும், அதற்கு யாரும் காரணம் இல்லை.

ஆனால் எங்கள் உடம்புக்குக் காரணம் தேவையில்லை, கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. உங்கள் விடுதியில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வயதுதான். கீரை, சுண்டல், கம்பு, ராகி, அவற்றில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதற்கு மேலே பிழியும் எலுமிச்சை என்று எங்கள் வீடுகளில் பாட்டி பழக்கிய எதுவும் மெஸ் தட்டில் வருவதில்லை. சாப்பிட்ட கையோடு வருவது டீ. அந்த டீயோ, சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சநஞ்ச இரும்புச்சத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது.

உப்பும் அப்படித்தான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் ஒரு பங்கு, பொரியலில் ஒரு பங்கு, ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தால் மதியச் சாப்பாட்டோடு அந்தக் கணக்கு முடிந்துவிடும். 27 வயதில் ஆபீஸ் பரிசோதனை முகாமில் என் ரத்த அழுத்தம் 140/90 என்று எழுதிக் கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்கே அது 50-க்கு மேல்தான் வந்தது. உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். சரி, எதில் குறைப்பது? குழம்பு கரண்டியில் வரும்போதே அதில் உப்பு இருக்கிறது. உப்பு டப்பா நம் கையில் இருந்தால்தானே குறைக்க முடியும்?

அப்புறம் நேரம். காலை ஏழரை முதல் ஒன்பது, ராத்திரி ஏழரை முதல் ஒன்பதரை என்று மெஸ் கதவில் ஒட்டியிருக்கும். ஆனால் இந்த ஓ.எம்.ஆர். சாலையே ஐ.டி. கம்பெனிகளின் ஷிஃப்டில் ஓடும் சாலை. விடிகாலை மூன்று மணிக்குக் கம்பெனி காரில் வந்து இறங்கும் பெண்ணுக்கு மெஸ்ஸில் ஒன்றும் இருக்காது. ஒரு கைப்பிடி ரவையும் ஒரு வெங்காயமும் பத்து நிமிஷமும் இருந்தால் சூடாக உப்புமா சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். அதற்கு வழி இல்லாமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். மத்திய அரசின் 2023-24 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். நகரத்தில் உணவுச் செலவிலேயே முதல் இடத்தில் நிற்பது பாலும் இல்லை, காய்கறியும் இல்லை. குளிர்பானம், பலகாரம், பாக்கெட் சரக்கு, கடைச் சாப்பாடு எல்லாம் சேர்ந்த இனம்தான். அதற்கு மட்டும் மொத்தக் குடும்பச் செலவில் நூற்றுக்கு 11 ரூபாய் போகிறது. மெஸ்ஸுக்குப் பணம் கட்டிவிட்டு அதற்கு மேல் மாதம் நாலாயிரம் ரூபாய் நான் வெளியே சாப்பிட்டிருக்கிறேன். என் சம்பளத்தில் அது ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டிய பணம்.

இனி காரப்பாக்கம் விடுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மொட்டை மாடிக்குப் போகும் படி முடியும் இடத்தில், பத்தடிக்கு எட்டடி இடம் இருக்கும், அதில் ஒரு கடப்பாக்கல் மேடை, இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு தொட்டி, ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். அவ்வளவுதான் சமையலறை. கேஸ் கிடையாது, எண்ணெய் காய வைத்துப் பொரிப்பது கிடையாது, ராத்திரி பதினொன்றுக்கு மேல் மிக்ஸி போடக் கூடாது. அந்த அடுப்படிக்குத் தனி லைன், தனி எம்.சி.பி. இழுத்து, கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் மாட்டியிருந்தார் அந்த உரிமையாளர் அண்ணன். மெஸ் தொடர்ந்து நடந்தது. மெஸ் வேண்டாம் என்றால் வாடகையில் சாப்பாட்டுக் காசைக் கழித்துக்கொள்வார்.

முதல் மாதம் எனக்குச் சமைக்கவே வரவில்லை என்பதுதான் உண்மை. ஊரில் இருந்தவரை அம்மா என்னைப் படிக்க விட்டுவிட்டார், அடுப்படிப் பக்கம் அனுப்பியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வீடியோ காலில் வைத்துக்கொண்டு புளிக்குழம்பு வைத்தேன். போனை உப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தியிருந்தேன். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம் போட்டதும் அம்மா அந்தப் பக்கம் பதறினார். "வெந்தயம் கருகப் போவுது, வெங்காயத்தப் போடு, போடு!" புளியை ஊற்றிக் கொதித்ததும் இறக்கப் போனேன். "இரு, அவசரப்படாத. ஓரத்துல எண்ணெய் பிரிஞ்சு வரணும். அப்பத்தான் பச்ச வாசன போகும்." போனை அடுப்புக்கு மேலே பிடித்துக் காட்டினேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப இறக்கு" என்றார். 500 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிக் கோவில்பட்டியில் இருந்துகொண்டு, குழம்பின் நிறத்தை வைத்தே பக்குவம் சொன்னார்.

அந்த அடுப்படியில்தான் நாகர்கோவில் பெண் தேங்காய் அரைத்துத் தீயலும், எனக்குக் கஞ்சி வைத்த அதே தர்மபுரிப் பெண் ராகிக் களியும் செய்தார்கள். அவளும் என்னோடு இந்த விடுதிக்கு மாறி வந்திருந்தாள். நூறு கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, தானியங்களில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இடுப்பு வலிக்கும் மாதவிடாய் நாட்களில் நாங்கள் உளுந்தங்களி கிண்டினோம். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, மாவைத் தூவி, கட்டி விழாமல் ஒருத்தி கிண்ட, இன்னொருத்தி சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டுக்கொண்டே நிற்க வேண்டும். அறைக்குள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரியின் ஊர்கூடத் தெரியாமல் இருந்தவர்கள் அந்தக் கல்மேடையில்தான் பேச ஆரம்பித்தோம். வேலை போன ஒரு பெண்ணுக்கு இரண்டு மாதம் நாங்கள் சேர்ந்து சமைத்துப் போட்டோம். அவள் சாப்பிடாமல் இருக்கிறாள் என்பதே அடுப்படிக்கு வராததை வைத்துத்தான் தெரிந்தது. ஒரு வருடத்தில் என் ரத்த அழுத்தம் 122/80-க்கு இறங்கியது. மாத்திரையும் நடையும் அதில் சேர்த்தி. ஆனால் உப்பு டப்பா என் கைக்கு வந்த பிறகுதான் இறங்க ஆரம்பித்தது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், அது நியாயமான பயம். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து தீ கிளம்பியதாகச் செய்தி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை, உங்களுக்கும் இருந்திருக்காது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அடுப்படி இல்லாத விடுதியில் சமையல் நடக்காமல் இல்லை. கட்டிலுக்கு அடியில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், கதவிடுக்கில் துண்டைச் சொருகி வைத்துக்கொண்டு நடக்கிறது. கெட்டிலில் முட்டை வேகிறது, பழைய ரைஸ் குக்கர் மெத்தைக்குப் பக்கத்தில் கொதிக்கிறது. வார்டன் காலடிச் சத்தம் கேட்டால் சூட்டோடு அதை அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவே தள்ளுகிறார்கள். தீ விபத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருக்கிறதா? ஒரே அறையில், எல்லோர் கண்முன்னாலும், கல்மேடையில், தீயணைப்பான் பக்கத்தில் தொங்க நடக்கும் சமையல்தான் பாதுகாப்பு.

கரண்ட் பில்லும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வராது. குளியலறை கீசர் 2,000 வாட் இழுக்கும், அதை நீங்களே மாட்டித் தருகிறீர்கள். ஒருத்திக்குச் சோறு வடிக்கும் சின்ன ரைஸ் குக்கர் 400, 500 வாட்தான். இண்டக்‌ஷன் அடுப்பை 1,500 வாட்டில் இருபது நிமிஷம் வைத்தால் அரை யூனிட். அதற்குத் தனி மீட்டர் வைத்துப் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் மறுக்க மாட்டோம். கரப்பான், எச்சில் பாத்திரம், யார் துடைப்பது என்ற சண்டை எல்லாம் வரும்தான். காரப்பாக்கத்திலும் வந்தது. சுவரில் முறைப் பட்டியல் ஒட்டினோம், துடைக்காதவளுக்கு மறுநாள் அடுப்பு இல்லை என்று நாங்களே முடிவு செய்தோம். வார்டன் வரை ஒரு சண்டைகூடப் போகவில்லை.

இன்னொன்றையும் நினைவுபடுத்த வேண்டும். விடுதி வாடகைக்கு ஜி.எஸ்.டி. கேட்டபோது உங்களில் சிலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனீர்கள். இது வியாபார இடம் இல்லை, பெண்கள் குடியிருக்கும் இடம், அதனால் வரி கூடாது என்பது உங்கள் வாதம். 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனசார மகிழ்ச்சி, அந்த வரி கடைசியில் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். நீங்களே வாதாடி வாங்கிய வார்த்தை அது, குடியிருக்கும் இடம். குடியிருப்பு என்றால் அங்கே ஓர் அடுப்பு எரிய வேண்டாமா? எங்கள் ஊரில் ஒரு குடும்பம் தனியாகப் பிரிந்துபோனால் தனி வீடு என்றுகூடச் சொல்ல மாட்டார்கள், "தனி அடுப்பு வச்சிட்டாங்க" என்பார்கள்.

ஆண்கள் விடுதி நடத்துபவர்களும் இதைப் படித்தால் நல்லது. அங்கே இந்தத் தேவை இன்னும் பெரிது. மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம். இருபத்து மூன்று வயதில் தனியாக இருக்கும்போது ஒரு பையன் சோறு வடிக்கவும் ரசம் வைக்கவும் பழகவில்லை என்றால், கல்யாணத்துக்குப் பிறகு எப்போது பழகப்போகிறான்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மாடிக்கு ஓர் அடுப்படி முடியாவிட்டால் கட்டடத்துக்கு ஒன்று போதும். மெஸ் வேண்டாம் என்பவர்களுக்குச் சாப்பாட்டுக் காசைக் கழித்துக் கொடுங்கள். அதுவும் இப்போது முடியாது என்றால், வார்டன் அறைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு அடுப்பையாவது காய்ச்சல்காரிகளுக்காக வையுங்கள்.

துரைப்பாக்கத்தில் நான் இருந்த அந்த விடுதியில், இரண்டாவது மாடிக் கடைசியில் பழைய மெத்தைகள் போட்டு வைத்திருக்கும் ஓர் அறை உண்டு. கிழக்குப் பக்கம் பெரிய ஜன்னல், சுவரில் தண்ணீர்க் குழாய், தரையில் சாக்கடைத் துளை எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. மெத்தைகளை எடுத்துவிட்டு ஒரு கல்மேடை மட்டும் போட்டால் போதும்.

அன்புடன்,
ஐந்து வருடம் உங்கள் விடுதிகளில் தங்கியிருந்த ஒரு பெண்