வெட்டுவது நான், தாளிப்பது கமலா

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தனபால்,

உன் வாட்ஸ்அப் குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். மோட்டார் கொட்டகையில் நின்று பேசினாயோ என்னவோ, பாதி இரைச்சல். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அடுத்த மாதம் மகளைப் பார்க்க வருகிறாய். திரும்பும்போது தங்கச்சிக்கு முஸ்தபா கடையில் ஒரு ஃபுட் ப்ராசஸர், அதுதான் காய் நறுக்குகிற மெஷின், வாங்கிப் போகலாமா என்று என்னைக் கேட்கிறாய். போனில் பதில் சொல்லலாம்தான். "நீங்கள் போனில் ஆரம்பித்தால் செம்பவாங் ஷிப்யார்டுக்குப் போய்விட்டுத்தான் திரும்பி வருவீர்கள், எழுதி அனுப்புங்கள்" என்று கமலா சொல்லிவிட்டாள். எழுதினாலும் நாம் வேலை பார்த்த அந்தக் கப்பல் பட்டறைக்குப் போய்த்தான் வருவேன், அது அவளுக்குத் தெரியாது.

முதலில் வீட்டுச் செய்தி. கமலாவுக்கு வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது. விரல்கள் மரத்துப்போகின்றன, ராத்திரியில் கைப்பட்டை கட்டிக்கொண்டு தூங்குகிறாள். கத்தியை அழுத்திப் பிடிக்கிற வேலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். வேறு யார் இருக்கிறார்கள் வீட்டில்? வெட்டுகிற வேலை எனக்கு வந்தது. முதல் நாள் நான் நறுக்கிய பீன்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "இது பொரியலுக்கா, அடுப்பெரிக்கவா?" என்றாள். ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் மகனிடம் புகார் போயிற்று. அந்தச் சனிக்கிழமையே பையன் ஒரு பெரிய ஃபுட் ப்ராசஸர் பெட்டியோடு வந்து நின்றான்.

பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி எண்ணினேன். அடிமோட்டாரையும் கிண்ணத்தையும் விட்டுவிட்டு பதினொன்று. நடுத்தண்டில் மாட்டுகிற எஸ் வடிவ எஃகு பிளேடு, மாவு பிசைய ஒரு பிளாஸ்டிக் பிளேடு, ஒரு பக்கம் சீவவும் மறுபக்கம் துருவவும் திருப்பிப் போடக்கூடிய டிஸ்க் இரண்டு, தீக்குச்சி போல் நீளமாக வெட்ட ஒன்று, உருளைக்கிழங்கைக் கூழாகத் தேய்க்க ஒன்று, முட்டை அடிக்கிற இரட்டைக் கம்பி, எலுமிச்சை பிழிகிற கூம்பு, ஜூஸ் எடுக்கிற சல்லடை, மில்க் ஷேக் ஜார், மிளகு சீரகம் பொடிக்கிற குட்டி ஜார். நம் கருவி அறையில் புது லேத், அந்தக் கடைசல் மெஷின், வந்த அன்று நீ ஒவ்வொரு டூலாக எடுத்துத் துணியில் துடைத்து வைத்தாயே, அப்படித்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். கமலா பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எங்கே வைப்பது?" என்று மட்டும் கேட்டாள். சமையலறை அலமாரி நிரம்பி, இப்போது ஆறு சாமான் வீட்டுக்குள் இருக்கும் போர்க்காலப் பதுங்கறையில், அதான் பாம் ஷெல்டரில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர் வந்தால் ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்.

ஆறு மாதம் ஓட்டிவிட்டேன். இனி நான் சொல்வது அனுபவம்.

இந்த மெஷின் அரைக்காது, தனபால். இதை முதலில் தங்கச்சியிடம் சொல்லிவிடு, இல்லாவிட்டால் வீட்டில் சண்டைதான். இட்லிக்கு உளுந்து போட்டுப் பார்த்தேன். அகலக் கிண்ணம், அடியில் ஒட்டிச் சுற்றும் பிளேடு. உளுந்து ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொள்கிறது, பிளேடு நடுவில் சும்மா சுற்றுகிறது. தள்ளித் தள்ளி விட்டும் ரவை மாதிரிதான் வந்தது. அன்றைய இட்லியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கல் மெதுவாகச் சுற்றிக் காற்றைச் சேர்த்துப் பொங்கவைப்பதை எஃகு பிளேடு செய்யாது. கோயம்புத்தூர்க்காரன் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருப்பது சும்மா இல்லை. தேங்காய்ச் சட்னியும் இதில் வழுவழுப்பாக வராது. நம் ஊர் மிக்ஸி வேறு ஜாதி. 1960களில் பம்பாயில் மாத்தூர் என்ற இன்ஜினியர், வீட்டிலிருந்த வெளிநாட்டு மிக்ஸி நம் அரைப்புக்குத் தாங்காமல் போனதால்தான் சுமீத் மிக்ஸியை உண்டாக்கினார். குறுகலான ஜார், சுமையில்லாமல் ஓடினால் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். அது அரைக்கப் பிறந்தது.

ஃபுட் ப்ராசஸர் பிறந்தது வேறு இடத்தில். பிரான்சில் பியேர் வெர்தோன் என்பவர் ஹோட்டல் சமையலறைகளுக்காகச் செய்தது. அதைச் சிறிதாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், 1973-இல் அமெரிக்காவுக்கும் போயிற்று. அந்த பிரெஞ்சு வகையில் நாலு துருவ இண்டக்‌ஷன் மோட்டார். 50 ஹெர்ட்ஸில் எத்தனை சுற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நிமிடத்துக்கு 1,500. பெல்ட் கிடையாது, கியர் கிடையாது, தண்டிலேயே பிளேடு, சத்தமும் குறைவு. என்னிடம் இருப்பது அதைவிட மலிவான பிரஷ் மோட்டார் வகை. போட்டதும் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஆனால் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், நிறையக் காயை ஒரே மாதிரி வெட்டுவது. நிறைய என்ற சொல்லை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்.

மூன்று வெங்காயம் நறுக்க இதை எடுத்தால் நீ முட்டாள். கிண்ணம் மாட்டி, தண்டு போட்டு, டிஸ்க் வைத்து, மூடி பூட்டி, நாற்பது நொடியில் வெட்டி, அப்புறம் ஐந்து சாமானைக் கழுவ வேண்டும். ஒரே ஒரு போல்ட்டுக்கு மரை போட லேத்தில் சக் மாற்றி, செட்டிங் பார்த்து, மைக்ரோமீட்டர் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. ஃபோர்மன் பார்த்தால் என்ன சொல்வார்? மரை வெட்டும் டையைக் கையால் பிடித்து வெட்டு என்பார். ஐம்பது போல்ட் என்றால் மெஷினுக்குப் போ. சமையலறையிலும் அதே கணக்குத்தான். என் வீட்டில் கோடு அரைக் கிலோவில் விழுகிறது. அதற்குக் கீழே கை, அதற்கு மேலே மெஷின்.

அந்தக் கோட்டுக்கு மேலே போனால் பார், சொர்க்கம். தீபாவளிக்குப் பேரன் கூட்டம் வந்தபோது பிரியாணிக்கு இரண்டு கிலோ வெங்காயம். இதற்கு எஸ் பிளேடைப் போடாதே. அது அடித்துக் கூழாக்கும், தண்ணீர் விட்டுவிடும், எண்ணெயில் போட்டால் சிவக்காமல் வேகும், கொஞ்சம் கசக்கவும் செய்யும். சீவுகிற டிஸ்க்தான். வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் குழாயில் படுக்கவைத்தால் ஒரு மாதிரி நீளம், நிற்கவைத்தால் வேறு மாதிரி. கேரட்டும் அப்படியே. நிற்கவைத்தால் துருவல் குட்டையாக விழும், படுக்கவைத்தால் நூல் நூலாக நீளும். குழாயை நெருக்கமாக நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காய் சாய்ந்து கோணலாக வெட்டுப்படும். வேலைத்துண்டை இறுக்கிப் பிடிக்காமல் வெட்டினால் டூல் ஆடுமே, அதேதான். தள்ளுகிற கட்டையை ஒரே சீராக அழுத்து. விரலை மட்டும் உள்ளே விடாதே. உனக்கு ஏற்கனவே ஒன்பதேகால் விரல்தான்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் எதிர்வீட்டு ஆண்ட்டி கதவைத் தட்டினாள். காய்த்துருவலை எல்லோரும் கூடித் தூக்கித் தூக்கிக் கலக்குவார்களே, அந்த லோ ஹேய்க்கு வெள்ளை முள்ளங்கியும் கேரட்டும் இரண்டு கிலோ, அவள் கையும் கமலா கை மாதிரிதான் ஆகியிருக்கிறது. என் மெஷின் சத்தம் கேட்டு வந்திருக்கிறாள், நாயின் சிபாரிசு. தீக்குச்சி டிஸ்க்கைப் போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். மேஜையில் வெள்ளையும் ஆரஞ்சும் மலை மாதிரி. எல்லாம் ஒரே கனம், ஒரே நீளம். அவள் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினாள் பார், நம் இன்ஸ்பெக்டர் பாஸ் முத்திரை குத்தினமாதிரி இருந்தது. மறுநாள் ஒரு டப்பா பைனாப்பிள் டார்ட் வந்தது. கமலாவுக்குச் சர்க்கரை இருப்பதால் முழுவதும் என் பொறுப்பு.

சப்பாத்தி மாவும் நன்றாக வருகிறது. அரைக் கிலோ ஆட்டா, உப்பு, கொஞ்சம் எண்ணெய். பிளாஸ்டிக் பிளேடைப் போட்டு ஓடவிட்டு, குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீரைச் சன்னமாக ஊற்று. முதலில் தூளாகப் பறக்கும், அப்புறம் திடீரென்று ஒரே உருண்டையாகச் சேர்ந்து கிண்ணத்தில் முட்டிக்கொண்டு சுற்றும். அந்த நொடியில் நிறுத்து. ஒரு நிமிடம் தாண்டினால் மாவு சூடாகிவிடும், மோட்டாரும் முனகும். அந்த முனகல் உனக்குப் புரியும், புத்தகம் வேண்டாம்.

ஒரு கூத்து சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் ஒரு நாள் பொத்தானை அழுத்தினேன், மெஷின் செத்துக் கிடந்தது. பிளக்கின் ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. வேறு சாக்கெட்டில் போட்டேன். ஊஹூம். சேவை நிலையத்துக்குப் போன் செய்தால் இரண்டு வாரம் என்றார்கள், வெறுமனே திறந்து பார்க்கவே ஒரு தொகை சொன்னார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஸ்பேனர் பிடித்தவனுக்கு ரோஷம் வராதா? பழைய நாளாக இருந்தால் சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் ஒரு மோட்டாரே பொறுக்கியிருப்பேன், அதையும் 2017-இல் மூடிவிட்டார்கள். மேஜையில் செய்தித்தாள் விரித்து அடியைத் திருப்பி ஸ்க்ரூவில் கை வைக்கும்போது கமலா வந்தாள். மூடியைக் கையில் எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. பூட்டும்போது அது கைப்பிடிக்குள் இருக்கும் ஒரு கம்பியை அழுத்தும், அந்தக் கம்பி அடியில் உள்ள சுவிட்சை அழுத்தும். கிண்ணமும் மூடியும் சரியாக உட்காராமல் பிளேடு சுற்றக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு. அந்தக் கைப்பிடித் துவாரத்தில் காய்ந்த ஆட்டா மாவு அரை அங்குலம் அடைத்துக்கொண்டிருந்தது. கம்பி அசையவே இல்லை. பல் குத்தும் குச்சியால் கமலா இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். "இதுதான் உங்கள் ஷிப்யார்டா?" என்று கேட்டாள். சேஃப்டி இன்டர்லாக்கை முதலில் பார் என்று அப்ரெண்டிஸ் பையன்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். இதை நம் ஆட்கள் யாரிடமும் சொல்லாதே.

கழுவும்போது எஸ் பிளேடை சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். நுரைக்குள் தெரியாது, கை வைத்தவர் கதி அதோகதி. கேரட் கறை பிளாஸ்டிக்கில் ஏறினால் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம். சமையல் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்துவிட்டு அப்புறம் கழுவு.

மற்ற சாமான்களா? முட்டைக் கம்பி கேக் செய்கிறவர்களுக்கு, அதிலும் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டால் கியர் பல் போய்விடும். எலுமிச்சைக் கூம்பு வெட்டி வேலை. ஜூஸ் சல்லடையை ஒரு தடவை கழுவிய பிறகு நான் பழத்தைக் கடித்தே தின்கிறேன். பதினொன்றில் உண்மையாகச் சம்பளம் வாங்குவது நாலு.

ஆக உன் கேள்விக்கு வருகிறேன். உன் வீட்டில் அன்றாடம் இரண்டு பேர். அப்படியானால் வேண்டாம் என்பேன். ஆனால் உன் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, மார்கழி பூஜைக் கூட்டம் எல்லாம் எனக்குத் தெரியும். மாதத்துக்கு இரண்டு தடவையாவது இருபது பேருக்குச் சமைக்கிற வீடு என்றால் வாங்கு. துணைக்கருவி குறைவாகவும் கிண்ணம் பெரிதாகவும் உள்ளதாகப் பார். இங்கேயும் அங்கேயும் ஒரே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும்தான் தகராறு, இங்கே சதுரக் கால், அங்கே உருண்டைக் கால். 1,000 வாட் என்றாலும் நாலரை ஆம்பியருக்குள்தான் இழுக்கும், உன் வீட்டு ஆறு ஆம்பியர் சாக்கெட்டே தாங்கும். வாரண்டி எந்த நாட்டுக்கு என்று அட்டையைப் படித்துப் பார். 100 வெள்ளிக்குக் குறையாமல் வாங்கினால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்கலாம், அதனால் கடைக்குப் போகும்போதே பாஸ்போர்ட்டை எடுத்துப் போ. என் மெஷின் பெட்டியோடு எட்டு கிலோ. திருச்சி விமானத்தில் உன் பெட்டிக் கணக்கையும் பார்த்துக்கொள். தங்கச்சிக்கு வாங்கும் கோடாலித் தைலத்துக்கு இடம் வேண்டாமா?

அப்புறம், நம் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்குக் கட்டாயம் போக வேண்டும். கான்பரா ரோடு மரத்தடியில் இருந்த காலத்தில் பங்குனி உத்திரத்துக்கு நாமெல்லாம் ஷிஃப்ட் முடிந்து வந்து வரிசையாக உட்கார்ந்து விடிய விடிய முட்டைக்கோஸ் நறுக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பாடிக்கொண்டே வெட்டுவாய், உன் பங்கு எப்போதும் பாதிதான் முடிந்திருக்கும்.

வரும்போது எனக்கு ஒன்று வாங்கி வா. மன்னார்குடியில் கொல்லன் பட்டறையில் சொல்லி, தேங்காய்த் துருவியோடு சேர்ந்த நல்ல அரிவாள்மனை ஒன்று. கமலா அம்மா கொடுத்த பழையது தீட்டித் தீட்டி விரலகலம் தேய்ந்துவிட்டது. கமலாவுக்கு இல்லை, எனக்குத்தான். அரைக் கிலோவுக்குக் கீழே இருக்கும் வேலைக்கு வேண்டும். பலகை அகலமாக இருக்கட்டும், நான் கொஞ்சம் பெருத்துவிட்டேன். மறக்காமல் அதைப் பெரிய பெட்டியில் போட்டு விடு, கைப்பையில் வைத்து ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
மாரிமுத்து